நான்கு கயிறு, மூன்று பேர்

கெர்னிங் சிட்டியில் லாக்கெலிஸ் எங்கே நிற்பாள் என்பது தெரியாத பழைய ஆட்டக்காரர் மேப்பிள்ஸ்டோரி என்ற இணைய விளையாட்டில் இருக்க முடியாது. கிறுக்கல் நிறைந்த சுவர்களும் மங்கிய வானமுமாக இருக்கும் அந்த நகரத்தில் அவள் ஓரமாக நிற்பாள். லெவல் 21 முதல் 30 வரை உள்ள நான்கு பேர் ஒரு பார்ட்டியாக, அதாவது குழுவாக, சேர வேண்டும். பார்ட்டித் தலைவர் அவளைச் சொடுக்க வேண்டும். பார்ட்டித் தேடல் என்ற புதிர் அறைகளுக்குள் அவள் விடுவாள், ஆனால் ஒரு சேனலில் (ஒரே விளையாட்டு உலகின் பல பிரதிகளில் ஒன்றில்) ஒரு நேரத்தில் ஒரே ஒரு பார்ட்டியைத்தான். உள்ளே போனவர்களுக்கு 30 நிமிடம். மற்றவர்களெல்லாம் வெளியே.

முறை வரிசை கிடையாது. உள்ளே இருந்த பார்ட்டி வெளியே வந்ததும் யாருடைய சொடுக்கு சர்வருக்கு முதலில் போய்ச் சேர்கிறதோ அவர்களுக்குத்தான் கதவு. அதனால் தலைவருக்கு ஓயாத வேலை: சொடுக்கு, "உள்ளே வேறு பார்ட்டி இருக்கிறது" என்ற பதில், மூடு, மறுபடி சொடுக்கு. மீதி மூன்று பேருக்கும் ஒரு வேலையும் கிடையாது. ஐந்து பார்ட்டி காத்திருந்தால் வேலையில்லாத பதினைந்து பேர் ஒரே திரையில் நெருக்கியடித்து நிற்பார்கள். அப்படி நிற்பவர்கள் பேசாமல் எப்படி இருப்பார்கள்? எந்தப் பள்ளி, எந்த வட்டாரம், எந்த வேலைக்கு (போர்வீரனா, மந்திரவாதியா) மாறப் போகிறாய், அந்தக் கத்தி எங்கே கிடைத்தது. மேப்பிள்ஸ்டோரியில் உருவான நட்பில் பெரும்பகுதி சண்டைக்களத்தில் உருவானதல்ல, இந்த மாதிரிக் கதவுகளுக்கு வெளியே உருவானது. இந்த விளையாட்டைப் பற்றி யார் ஏக்கத்தோடு பேசினாலும் அவர்கள் உண்மையில் தேடுவது அந்தக் காத்திருப்பைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் படங்களையும் அரக்கர்களையும் விடக் கணக்குகள் அதிகம் இருக்கும். கூட்டத்தைக் கூட்டியது அந்தக் கணக்குகள்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கொரியாவின் விசெட் நிறுவனம் 2003ல் வெளியிட்ட பக்கவாட்டில் நகரும் இருபரிமாண இணைய விளையாட்டு இது. தென்கிழக்காசியப் பதிப்பை ஏஷியாசாஃப்ட் 2005ல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சேர்த்துத் திறந்தது. உலகங்களுக்கு விண்மீன் கூட்டங்களின் பெயர்: அக்விலா, பூட்டீஸ், காசியோப்பியா, டெல்ஃபினஸ் என்று ஆங்கில அகர வரிசையில் போகும். விளையாடக் கட்டணம் இல்லை. அலங்கார உடைக்கும் சில வசதிகளுக்கும் மட்டும் முன்கட்டண அட்டை வாங்க வேண்டும். கட்டணம் இல்லாததும், வீட்டில் இருந்த பழைய கணினியிலேயே ஓடியதும்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையிலும் லேன் கடைகளிலும் அது ஒரே வேகத்தில் பரவக் காரணம்.

இனி லாக்கெலிஸின் கதவுக்குள்.

முதல் அறையில் க்ளோட்டோ என்பவர் தலைவரைத் தவிர மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு கேள்வி தருவார். விடை எப்போதும் ஓர் எண்ணாகத்தான் இருக்கும். போர்வீரனாக எந்த லெவல் வேண்டும்? 10. மந்திரவாதிக்கு? 8. போர்வீரனுக்குக் குறைந்தபட்ச வலிமை? 35. மந்திரவாதிக்கு அறிவு? 20. வில்லாளிக்கும் திருடனுக்கும் வேண்டிய கைத்திறன்? 25. லெவல் 1லிருந்து 2க்குப் போக எத்தனை அனுபவப் புள்ளி? 15. அந்த எண் எவ்வளவோ அத்தனை கூப்பன்களை லிகேட்டர் முதலைகளை அடித்துச் சேர்க்க வேண்டும். கூப்பனைக் கொடுத்தால் ஒரு சீட்டு கிடைக்கும். மூன்று சீட்டும் தலைவர் கைக்குப் போனால் அடுத்த வாசல் திறக்கும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு மிகச் சிறியது: தலைவரின் 'இதர பொருள்' பை நிறைந்திருக்கும். சீட்டு தரையில் கிடக்கும், அவரால் எடுக்க முடியாது. பையில் இரண்டு மூன்று கட்டங்களைக் காலியாக வைத்துக்கொண்டு வருவது நல்ல தலைவருக்கு அடையாளம். கடைசியில் பரிசு வாங்கவும் அந்த இடம் தேவைப்படும்.

இந்த அறையின் அழகு வேறொன்று. 35 கூப்பன் விழுந்தவர் பாவம், 8 விழுந்தவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். முடித்தவர் சும்மா உட்காரலாம், அல்லது 35காரருக்காக முதலைகளை அடித்துக் கூப்பன்களை விட்டுக்கொடுக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எடைபோட அந்த இரண்டு நிமிடம் போதும். நண்பர் பட்டியலில் ஆரம்பத்தில் 20 இடம்தான் இருந்தது. அந்த இருபதில் ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவானது.

இரண்டாம் அறையில் நான்கு கயிறு. அவற்றில் சரியான மூன்றில் மூவர் தொங்க வேண்டும், தலைவர் கீழே க்ளோட்டோவிடம் "சரியா" என்று கேட்க வேண்டும். நான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 4 வழிதான் உண்டு. வேறு மாதிரி சொன்னால், எந்தக் கயிறு காலியாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தால் போதும். இரண்டு மூன்று முயற்சியில் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் யாரோ ஒருவர் கயிற்றின் அடியில் தொங்குகிறார் என்று பொருள். மிகத் தாழ்வாகத் தொங்கினால் கணக்கில் சேராது. நான்கு வழியும் தவறு என்று வந்து, பார்ட்டியே குழம்பி நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கொஞ்சம் மேலே ஏறு என்று ஒருவர் சொன்னால் தீர்ந்தது.

மூன்றாம் அறையில் ஐந்து மேடை, நான்காம் அறையில் ஆறு பீப்பாய். ஆட்கள் அதே மூவர். ஐந்தில் மூன்றுக்கு 10 வழி, ஆறில் மூன்றுக்கு 20 வழி. இங்கேதான் தேர்ந்த பார்ட்டிக்கும் தேராத பார்ட்டிக்கும் வித்தியாசம் தெரியும். தேராதவர்கள் ஒவ்வொரு முறையும் மூவரும் இடம் மாறுவார்கள். குதித்து விழுந்து, எது முடிந்தது எது மீதி என்று மறந்து, ஒரே சேர்க்கையை இரண்டு முறை போடுவார்கள். தேர்ந்தவர்கள் ஒரு முறைக்கு ஒரே ஆளைத்தான் நகர்த்துவார்கள். ஐந்து மேடைக்கு அந்த வரிசை இப்படிப் போகலாம்: 123, 124, 125, 135, 134, 234, 235, 245, 345, 145. விரல் விட்டுப் பார்த்தால் தெரியும், ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒருவர்தான் இடம் மாறுகிறார், பத்துச் சேர்க்கையும் ஒரு முறைதான் வருகிறது. சராசரியாக ஐந்தாறு முயற்சியில் விடை கிடைத்துவிடும். ஆறு பீப்பாய்க்குப் பத்துப் பதினொன்று. மேடையின் ஓரத்தில் நின்றால் சேராது, நடுவில் நிற்க வேண்டும். அதை மட்டும் தலைவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தச் சேர்க்கைக் கணக்கை எந்தப் பாடநூலும் சொல்லிக்கொடுக்காத வயதில் பிள்ளைகள் கூட்டாகக் கண்டுபிடித்தார்கள். பள்ளிப் பயிற்சி நூலின் கடைசிப் பக்கத்தில் இந்த வரிசையை எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. விளையாட்டு எந்த இடத்திலும் அதைச் சொல்லித் தரவில்லை. காத்திருந்தவர்கள்தான் காத்திருந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

கடைசி அறையில் கிங் ஸ்லைம். அங்கிருக்கும் எல்லாவற்றையும் வீழ்த்தி மொத்தம் 10 சீட்டு சேர்க்க வேண்டும். அது சண்டை, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இணைப்பு அறுவதுதான் உண்மையான அபாயம். ஒருவர் வீட்டில் இணையம் போனால் நால்வரும் வெளியே. மறுபடி லாக்கெலிஸ், மறுபடி சொடுக்கு. அதனால்தான் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

லெவல் 35க்கு மேல் இதே ஏற்பாடு லூடிபிரியம் என்ற நகரத்தில் பெரிதாகும். இயோஸ் கோபுரத்தின் 101ஆம் தளம், ஆறு பேர் பார்ட்டி, 35 முதல் 50 வரை. ஓர் அறையில் காவலர்களைத் தாண்டிப் போக மறையும் வித்தை தெரிந்த திருடன் வேண்டும், நகர்ந்து பாயும் வித்தை தெரிந்த மந்திரவாதியும் வேண்டும். ஆகவே ஆறு போர்வீரர்கள் சேர்ந்து போய்ப் பயனில்லை. ஆறாம் அறையில் படிப்படியாக ஏறும் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்றுதான் சரி. அதன் விடை மாறாது: 133221333123111. இந்தப் பதினைந்து எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் சிங்கப்பூரில் இன்றும் ஏராளம். எட்டாம் அறையில் ஒன்பது பெட்டிகளில் சரியான ஐந்தில் ஐவர் நிற்க வேண்டும். அதற்கு 126 வழி. அங்கே பொறுமை இல்லாத தலைவர் இருந்தால் நேரம் முடிந்துவிடும். குறிப்பு எடுப்பவர் ஒருவர், நகர்பவர்கள் ஐவர் என்று பிரித்துக்கொண்ட பார்ட்டிகள்தான் தப்பின.

காத்திருப்பின் இன்னொரு உச்சம் எல்லினியா கப்பல். ஆட்டம் தொடங்கும் விக்டோரியா தீவிலிருந்து ஒர்பிஸ் நகரத்துக்குப் போக வேறு வழி இல்லாத காலம். 15 நிமிடத்துக்கு ஒரு கப்பல் புறப்படும், பயணம் 10 நிமிடம். ஒரு கப்பலைத் தவறவிட்டால் மரத்தின் மேலே இருக்கும் அந்த நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். கப்பல் நடுவானில் போகும்போது சில சமயம் இசை மாறும், பக்கத்தில் கறுப்புக் கப்பல் ஒன்று வரும், சிவப்பு பால்ரோக் என்ற அரக்கர்கள் இரண்டு மேல்தளத்தில் இறங்கும். லெவல் 100, உயிர்ப்புள்ளி 1,00,000. லெவல் 30ல் பயணம் செய்பவர் ஓர் அடியில் சாவார், அனுபவப் புள்ளியையும் இழப்பார். அதனால் அனுபவசாலிகள் கப்பல் கிளம்பியதும் உள்ளறைக்குப் போய்விடுவார்கள். உள்ளறையில் ஒன்றும் கிடையாது. ஒன்றும் இல்லாத அறையில் பத்து நிமிடம், பத்து அந்நியர்கள். என்னைக் கேட்டால் அந்த விளையாட்டின் மிகச் சிறந்த அறை அதுதான்.

பாத்திரம் உருவாக்கும்போது உருட்டும் பகடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலிமை, கைத்திறன், அறிவு, அதிர்ஷ்டம் என நான்கு குணத்துக்கும் மொத்தம் 25 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4. மந்திரவாதி ஆக நினைப்பவருக்கு வலிமையும் கைத்திறனும் வீண், ஆகவே அவை இரண்டும் 4 வரும்வரை உருட்டுவார். திருடனாக நினைப்பவர் வலிமையும் அறிவும் 4 வர உருட்டுவார். போர்வீரனுக்கு அறிவும் அதிர்ஷ்டமும். லெவலுக்கு 5 புள்ளி கிடைக்கும் விளையாட்டில் ஒரு புள்ளி வீணானால் பெரிதாக ஒன்றும் ஆகாது. லெவல் 100 ஆகும்போது யாருக்கும் கண்ணில் படாது. இருந்தும் 4/4 இல்லாத மந்திரவாதியை யாரும் ஏற்கவில்லை, அவரே தன்னை ஏற்கவில்லை. பிறகு பகடையை எடுத்துவிட்டு, தானாகவே பங்கிடும் முறை வந்தது. நியாயமான மாற்றம்தான். ஆனால் பிறக்கும்போதே ஒருவர் எடுத்துக்கொண்ட சிரத்தை அதோடு போயிற்று.

ஸ்க்ரோல், அதாவது பொருளின் சக்தியைக் கூட்டும் சுருள், அந்த விஷயம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் புரியாத துயரங்கள் பலவும் அதில்தான் நடந்தன. சாதாரணக் கையுறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 5 மேம்பாட்டு இடம். கையுறைத் தாக்குதல் ஸ்க்ரோல் மூன்று வகை: 100 சதவீதம் வெற்றி, தாக்குதல் +1; 60 சதவீதம், +2; 10 சதவீதம், +3. தோற்றால் பொருள் உடையாது, அந்த ஓர் இடம் மட்டும் போய்விடும். ஐந்து இடத்திலும் 60 போட்டு ஐந்தும் வெல்ல 0.6ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். 7.8 சதவீதம் வரும். அதாவது பதின்மூன்று கையுறைக்கு ஒன்றுதான் +10 ஆகும். சந்தையில் +10 கையுறைக்கு அந்த விலை சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. மற்ற பன்னிரண்டின் செலவும் அதற்குள் இருந்தது.

10 சதவீதத்தில் ஐந்தும் வெல்வது 1,00,000த்தில் ஒன்று. ஐந்தும் தோற்பது? 0.9ஐ ஐந்து முறை பெருக்கினால் 59 சதவீதம். பாதிக்கு மேல் ஒன்றுமே கிடைக்காது என்பதை ஒரு கணம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் பலர் அழுதிருக்க மாட்டார்கள். விவரமானவர்கள் முதல் இடத்தில் மட்டும் 10 போட்டுப் பார்ப்பார்கள். வென்றால் மீதியை 60ஆல் நிரப்புவார்கள். தோற்றால் அந்தக் கையுறையைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வார்கள். 30, 70 என்று கறுப்பு ஸ்க்ரோல்களும் இருந்தன. அவை தோற்றால் பாதிக்குப் பாதி பொருளே அழிந்துவிடும். நல்ல பொருளில் அவற்றைப் போடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், போட்டவர்களும் பலர். எந்த நகரத்தில், எந்த சேனலில் நின்று போட்டால் வெல்லும் என்று ஆளுக்கொரு நம்பிக்கை. கணக்கு எங்கே நின்றாலும் ஒன்றுதான். ஆனால் ஸ்க்ரோல் போடும்போது கூட வந்து நின்ற நண்பர்களின் எண்ணிக்கை மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. தனியாக நின்று யாரும் போடவில்லை.

விற்க ஃப்ரீ மார்க்கெட். 22 அறை, முதல் அறைக்குத்தான் மதிப்பு. கடை போடும் அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சாதாரணக் கடை என்றால் கணினியை அணைக்க முடியாது, இரவெல்லாம் ஓட வேண்டும். அம்மா வந்து திரையை மட்டும் அணைப்பது பரவாயில்லை, மின்விசையை அணைத்தால் கடை போயிற்று. விலைப்பட்டியல் எங்கும் கிடையாது. அறை அறையாக, கடை கடையாக நடந்து பார்த்தால்தான் இல்பி நட்சத்திரம் (திருடர்கள் எறியும் ஆயுதம்) இன்று என்ன விலை என்று தெரியும். பிறகு தேடித்தரும் ஆந்தை ஒன்று வந்தது. எந்தப் பொருள் எந்தக் கடையில் என்று அதுவே சொல்லிவிடும். வாங்குபவருக்கு வசதி. ஆனால் நடந்து பார்த்தவருக்குத்தான் ஒவ்வொரு கடைக்காரரின் பெயரும் தெரிந்திருந்தது.

ஏமாற்று வேலைகளும் அங்கேதான். மிகப் பழைய முறை பூஜ்யம்: பரிமாற்றச் சாளரத்தில் 10,000,000 மெசோ (விளையாட்டின் பணம்) போட்டுக் காட்டுவார், ஏதோ காரணம் சொல்லி மூடுவார், மறுபடி திறக்கும்போது 1,000,000. அவசரத்தில் சரி என்று அழுத்தினால் முடிந்தது. இரண்டாம் முறை திறக்கும் ஒவ்வொரு சாளரத்திலும் பூஜ்யங்களை எண்ண வேண்டும் என்று பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வங்கிக் கணக்கு திறக்கும் வயது வருமுன் கற்ற பாடம் அது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் புரியும் ஒரு சுகம் இந்தப் பதிப்பில் இருந்தது. கெர்னிங்கில் சீட்டு வாங்கி விமானம் ஏறினால் சாங்கியில் இறங்கலாம். அங்கிருந்து மத்திய வர்த்தக வட்டாரம், போட் கீ, உலு சிட்டி. கொரிய ஓவியர்களின் கையில் நம் ஊர். போட் கீக்கு அப்பால் ஒரு பேய்க்கப்பல், அதில் கேப்டன் லட்டானிக்கா. அந்த ஆற்றங்கரையின் உண்மைக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள்தாம் தொடக்கக் காலத்தில் அந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டினார்கள். பக்கத்துத் தெருவுக்கு இன்றும் சூலியா ஸ்திரீட் என்றுதான் பெயர். செட்டியார்களின் கிட்டங்கிகள் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்தன. 1983ல் சரக்குப் படகுகளெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டு ஆறு அமைதியானது. விளையாட்டில் அந்தக் கரையில் பேய்க்கப்பல் மிதந்ததைப் பார்த்தபோது வரைந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று யோசிக்கத் தோன்றும். தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்த்த பிள்ளைகளில் சிலர் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டிருந்தால் போதும்.

உலு சிட்டி என்ற பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மலாயில் 'உலு' என்றால் ஆற்றின் மேற்பகுதி, உட்பகுதி. உலு பாண்டான், உலு செம்பவாங் என்று ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. இங்கே தமிழில் பேசும்போதும், போக்குவரத்து இல்லாத ஒதுக்குப்புறத்தை "அது ஒரே உலு" என்போம். விளையாட்டில் உலு சிட்டி ஆளற்ற, பாழடைந்த நகரம், ஆழத்தில் க்ரெக்சல் என்ற கிழட்டு மரம். மூன்றாம் வேலைக்கு மாறியவர்கள் லெவல் ஏற்ற அங்கேதான் முகாமிட்டார்கள். ஒதுக்குப்புறம் என்று பெயர் வைத்த இடத்தில் எல்லா சேனலிலும் கூட்டம் நிரம்பி வழிந்தது.

ஒரு வரைபடத்தை, அதாவது வேட்டையிடத்தை, ஒரு சேனலில் ஒருவர் பிடித்துவிட்டால் அது அவருடையது என்பது மரபு. புதிதாக வந்தவர் "சிசி பிளீஸ்" என்று கேட்கப்படுவார், அதாவது சேனல் மாறு. மாறாமல் நின்று அடித்தால் "கேஎஸ்", அதாவது அடுத்தவர் வேட்டையைப் பறித்தவர், என்ற பழி வரும். விளையாட்டின் விதிகளில் இதெல்லாம் கிடையாது. சர்வரைப் பொறுத்தவரை அரக்கன் யார் அடித்தாலும் அரக்கன்தான். மக்களே வகுத்துக்கொண்ட நில உரிமை அது. மீறியவருக்கு ஒரே தண்டனை, புகழ்ப் புள்ளியைக் குறைப்பது. புகழை ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும், அதே ஆளுக்கு மறுபடி செய்ய ஒரு மாதம் ஆகும். அத்தனை அரிதாக இருந்ததால்தான் யாராவது ஒரு புள்ளி தந்தால் மனம் நெகிழ்ந்தது.

தமிழ் பேசுபவர் இன்னொரு தமிழ் பேசுபவரைக் கண்டுகொள்ள ஒரே சொல் போதும். உரையாடல் பெட்டியில் தமிழ் எழுத்து வராது, ஆகவே ரோமன் எழுத்தில் "டேய்" என்று யாராவது தட்டினால் திரையின் மறுமூலையிலிருந்து "வா மச்சான்" என்று பதில் வரும். ஜோகூர்க்காரரும் ஈசூன்காரரும் ஒரே கில்டில் (ஆட்டக்காரர் சங்கத்தில்) இருந்தார்கள். முகம் தெரியாது, வயது தெரியாது, லெவல் கூடியவர் "அண்ணே" ஆகிவிடுவார். பிறகு குரலைக் கேட்டால் அந்த அண்ணன் தொடக்கநிலை ஐந்தில் படிப்பவனாக இருப்பான். அப்போதும் அண்ணனாகவே இருந்துவிடுவான். ரோமன் எழுத்தில் லகர, ளகர, ழகரம் மூன்றும் ஒன்றாகிவிடுவதால் வழி தெரியவில்லையா, வலி தெரியவில்லையா என்று புரியாமல் போகும். பொறுமைக் காடு என்ற படிதாண்டும் பாதையில் குதித்துக் குதித்து விழுந்துகொண்டிருப்பவருக்கு இரண்டும் பொருந்தும். அந்தக் காட்டில் ஒரு குறிப்பு: ஓட்ட வேகம் கூடினால் நல்லது என்று நினைத்து வேக மருந்து குடிக்கக் கூடாது. படிகள் எல்லாம் சாதாரண வேகத்துக்கு அளந்து வைத்தவை, வேகம் கூடினால் தாண்டி விழுவோம்.

'சாக்கும்' என்ற பெரிய அரக்கனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இரண்டு வரி. மூன்று கட்டச் சோதனை, அதில் இரண்டாவது எரிமலைக் குழம்பின் மேல் குதித்துப் போகும் பாதை, மூன்றாவதுக்கு எல் நாத் ஸோம்பிகளின் தங்கப்பல் 30. முடித்தால் நெருப்புக் கண் ஐந்து கிடைக்கும். ஒன்றைப் பீடத்தில் போட்டால் எட்டுக் கையுள்ள கல்மரம் எழும். பரிசு, எல்லாக் குணத்துக்கும் +15 தரும் தலைக்கவசம். முப்பது பேர் வரை சேர்ந்து அடிக்கலாம். சேர்க்கும் வேலைதான் கடினம்: தேசிய சேவையில் இருக்கும் அண்ணன்மார்கள் வெள்ளி மாலை முகாமிலிருந்து வந்தால்தான் சனிக்கிழமைக்கு ஆள் தேறும். அவர்களுக்காகத் தேதி மாற்றிய கில்டுகள் உண்டு.

2010ல் கொரியாவில் பிக் பேங் என்ற பெரிய மாற்றம் வந்தது, பிறகு எல்லாப் பதிப்புக்கும் பரவியது. விக்டோரியா தீவையே மறுபடி வரைந்தார்கள். லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளியைக் குறைத்தார்கள். பயணங்கள் எளிதாயின. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. புதிதாக வந்தவருக்கு அவை நல்லவை, வேலைக்குப் போய் இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு இன்னும் நல்லவை. ஆனால் லெவல் 21லிருந்து 30க்கு ஒரு மாலையில் தனியாளாகப் போய்விட முடிந்தபோது லாக்கெலிஸின் முன்னால் நிற்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. கயிறுகள் இருந்தன, தொங்க மூவர் கிடைக்கவில்லை.

பழையபடி விளையாட இன்று சில வழிகள் உண்டு. தென்கிழக்காசியப் பதிப்பு இன்னும் நடக்கிறது, அது இன்றைய வடிவம். விளையாட்டின் உரிமையாளரான நெக்ஸானின் மேப்பிள்ஸ்டோரி வேர்ல்ட்ஸ் தளத்தில் ஆர்ட்டேல் போன்ற பழைய பாணி உலகங்கள் இருக்கின்றன. அங்கே கப்பலும் பார்ட்டித் தேடலும் கிட்டத்தட்டப் பழைய ருசியோடு கிடைக்கும். அனுமதியில்லாத தனியார் சர்வர்களும் திரிகின்றன. அவற்றின் கோப்பில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, நாளைக்கே மூடப்படலாம். போகிறவர்கள் வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே கொடுக்க வேண்டாம். எங்கே போனாலும் ஒன்றைச் செய்யுங்கள்: தனியாகப் போகாதீர்கள். பழைய ஆட்கள் நால்வரைத் திரட்டிவிட்டு, ஒரே நாளில் தொடங்கி, யாரும் முந்தாமல் 21 வரை சேர்ந்தே ஏறுங்கள். ஒருவர் இரவோடிரவாக 40 போய்விட்டால் அந்த நால்வர் குழு அன்றே கலைந்தது.

பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்களுக்குக் கணினியே வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் தரையின் ஐந்து கட்டங்களுக்குக் காகிதத்தில் எண் எழுதி வையுங்கள். ஒருவர் க்ளோட்டோ, மனத்தில் மூன்று எண் நினைத்துச் சீட்டில் எழுதி மடித்துக்கொள்ள வேண்டும். மூவர் கட்டங்களில் நிற்க, இன்னொருவர் தலைவர். தலைவர் கேட்கலாம், க்ளோட்டோ "சரி", "தவறு" தவிர வேறொன்றும் சொல்லக் கூடாது. எத்தனை பேர் சரியான இடத்தில் என்று சொல்லிவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். முதல் இரண்டு சுற்று குழப்பமாகத்தான் போகும், எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். வரிசையை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூன்றாம் சுற்றில் யாராவது ஒரு பிள்ளை, "நீ மட்டும் நகரு, நாங்க நிக்கிறோம்" என்று சொல்லும்.